நின்ற வண்டியும் நில்லா மின்னும்

தமிழ் கற்பிப்போர்க்கு மோட்டார் வண்டியின் பற்றரியோடு என்ன உறவு என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். எழுத்தும் சொல்லும் கற்பித்து இருபதாண்டு கழித்த யாம், 2024ஆம் ஆண்டு மே மாதத்து மழைநாளொன்றில், ஒரு வானின் அருகே குறிப்பேடும் கையுமாய் முழுப் பிற்பகலும் நின்றோம். அன்று கண்டதை, விஞ்ஞானம் பயிலாத மாணாக்கனும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டனர். கேட்டவர்களுள் மூவர் வண்டி வைத்திருப்பவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நன்று.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எமது மாணவர் பதினொருவரை நாள்தோறும் கல்லூரிக்கு ஏற்றிவரும் டீசல் வான் ஒன்று உண்டு. அதன் சாரதியே உரிமையாளர். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அவ்வண்டியை ஒரு விந்தை நோய் பற்றியிருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலையிற் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் இயங்கும். திங்கட்கிழமை காலையில் மட்டும் ‘டக் டக்’ என்று ஒலித்து ஓய்ந்துவிடும்.

மலைநாட்டில் இதற்கொரு கைமருந்து உண்டு. வண்டியை இறக்கத்தில், முகம் கீழ்நோக்க நிறுத்திவைத்து, விடியலில் உருளவிட்டு, இரண்டாம் கியரிற் போட்டுக் கிளச்சை விட்டால் இயந்திரம் எழுந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சமவெளியில் வாழும் எம் பழைய மாணவர்க்குக் கிட்டாத வாய்ப்பு இது. ஆயின் இவ்வாய்ப்பே அந்நோயை ஏறத்தாழ ஓராண்டு காலம் மறைத்து வைத்தது. இடையிடையே பொறுமையிழந்த சாரதி, பதினான்கு திங்களுள் இரண்டு புதுப் பற்றரிகள் வாங்கிவிட்டார். 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத்து நாட்சம்பளமே அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. டீசல் வானுக்குரிய பெரிய பற்றரியொன்றின் விலை, தொழிலாளி ஒருவரின் முழுமாதச் சம்பளத்திற்குக் குறையாது. இரண்டாவதை வாங்குமாறு புத்தி கூறியவர்களுள் எம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். “நல்ல சாமானாகப் பார்த்து வாங்குங்கள்” என்று பெரிய அறிவாளிபோற் கூறியிருந்தோம்.

2024 மே 6ஆந் தேதி, திங்கட்கிழமை, க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை தொடங்கியது. முன்னைய நாள்களிற் பெய்த மழையால் லயத்துக்கு மேலுள்ள சரிவில் மண் இடிந்து கிடந்தமையின், வெள்ளி மாலையே வண்டியைக் கோயில் முன்றிலின் சமதரையில் நிறுத்தியிருந்தார். திங்கள் விடியலில் அது வழக்கம்போல் ஓய்ந்தது. உருட்டுவதற்கு இறக்கமில்லை. பரீட்சைக்குரிய வெள்ளுடையோடு எம் மாணவர் சேற்றில் நின்று தள்ளிப் பார்த்தனர், தமையன்மாரும் தந்தைமாரும் வந்து தள்ளினர், பயனில்லை. கடைசியிற் கொழுந்து லொறியொன்று அவர்களை ஏற்றிவந்து பரீட்சை மண்டபத்து வாயிலில் இறக்கியபோது, வினாத்தாள் பகிரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் ஈரக் காற்சட்டையோடும் ஒற்றைச் சப்பாத்தோடும் உட்கார்ந்து முதல் வினாத்தாளை எழுதினான்.

அன்று மாலையே பெற்றோர் இருவர் வேறு வண்டி தேடத் தொடங்கினர். சாரதியோ மூன்றாவது பற்றரிக்குக் கடன் கேட்கப் புறப்பட்டார். அவரை மறித்தவர் எமது கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியர். “பற்றரி களவு கொடுக்கிறதா, தானே நோயுற்றிருக்கிறதா என்று முதலிற் பார்ப்போம். அதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை” என்றார் அவர்.

அவர் சொன்ன முதற் சோதனை மிக எளியது. பற்றரியை நன்றாக மின்னேற்றி, வெள்ளி மாலை வண்டியை நிறுத்தியதும், அதன் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி விலக்கி வைத்துவிட வேண்டும். திங்கள் காலையில் அதை மீண்டும் பூட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். அப்போதும் இயந்திரம் எழவில்லையெனின், நோய் பற்றரியிலேயே உள்ளது. எழுந்துவிட்டால், பற்றரி நலமாயிருக்கிறது. நின்ற வண்டியே அதன் மின்னைக் குடிக்கிறது. சாரதி அவ்வாறே செய்தார். பரீட்சையின் இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமை, சமதரையில் நின்ற வண்டி ஒரே திருப்பில் எழுந்தது. மூன்றாம் பற்றரிக்குரிய கடன் அத்தோடு நின்றது. கள்வன் வண்டிக்குள் இருக்கிறான் என்பதும் தெளிவாயிற்று.

இனி, களவு போவது யாது என்பதை விளக்குவோம். ஹற்றன் மாணவருட் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் காணாதார் இலர். அதன் நீர் 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்னிலையத்திற் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, மேலும் கீழிறங்கி, 1950இல் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்துக்கும் பயன்படுகிறது. பற்றரியை இத்தகைய நீர்த்தேக்கமாக எண்ணுக. நீர்மட்டத்தின் உயரம் போன்றது வோல்ற்றளவு. ஒரு கணத்தில் வெளியேறும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதை அம்பியரால் அளப்பர். தேக்கத்தின் மொத்தக் கொள்ளளவு போன்றது அம்பியர்-மணி. 70 அம்பியர்-மணிப் பற்றரி என்றால், ஓர் அம்பியர் வீதம் கசிந்தால் எழுபது மணிநேரத்தில் வற்றிவிடும் என்பது பொருள்.

பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859இல் அமைத்த ஈய-அமிலக் கலமே, பல திருத்தங்களோடு, இன்றும் எம் வண்டிகளில் உள்ளது. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ற்று, ஆறு கலங்கள் சேர்ந்து 12.6. சில மணிநேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் இயந்திரத்தை எழுப்பும் என்று நம்புதல் வீண். ஒரு வோல்ற்றிலும் குறைந்த இவ்வேறுபாட்டினுள்ளேயே நிறைவும் வறுமையும் அடங்கிவிடுவதால், விளக்கு எரிகிறதே என்று பார்த்து மயங்கலாகாது. விளக்குக்குச் சில அம்பியர் போதும். டீசல் இயந்திரத்தைச் சுழற்றி எழுப்பும் தொடக்கு மோட்டரோ, சில விநாடிக்கேயாயினும், நூற்றுக்கணக்கான அம்பியர் கேட்கும். குளிர் இன்னுமோர் எதிரி. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாசி மாதங்களின் உறைபனி விடியலில், வெப்பநிலை 0 பாகையை நெருங்கும்போது, பற்றரியின் சுழற்றும் வலு வெப்பநாட்டில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காய்க் குறைந்துவிடும். அதே வேளையில் எண்ணெய் தடித்து, இயந்திரம் சுழல மறுக்கும். கொழும்பிற் போதுமாயிருந்த அரைப் பற்றரி ஈண்டுப் போதாது.

வெறுமையாக நின்ற பற்றரிக்குப் பின்விளைவும் உண்டு. மின் இறங்கும்போது தகடுகளின்மேற் படியும் ஈய சல்பேற்று, உடனே மின்னேற்றினாற் கரைந்துவிடும். பலகாலும் வற்றவிட்டு வைத்திருந்தால் அது கடினமான வெண்பளிங்காய் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுக் கொள்ளளவு மீளாது. சாரதியின் முதற் பற்றரி இவ்வாறே மாண்டது. கசிவை அடைக்காமற் புதுப் பற்றரி வாங்கியது, ஓட்டைக் குடத்தை மாற்றாமற் கிணற்றை மாற்றிய கதையாயிற்று.

பரீட்சை முடிந்தபின் வந்த சனிக்கிழமை, கல்லூரி முற்றத்துத் தகரக் கொட்டகையின்கீழ் வண்டி நிறுத்தப்பட்டது. உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பல்மானியோடு வந்தனர். பற்றரியின் மேற்புறம் மூடுபனியின் ஈரமும் தூசியும் அமிலப் பூச்சும் சேர்ந்து கறுத்திருந்தது. மழையும் பனியும் ஓயாத எம் ஊர்களில் இவ்வீரப்படலமே முனைக்கு முனை மெல்லிய பாலமாகி மின்னைக் கசியவிடும். வோல்ற்றுமானியின் ஒரு முனையை எதிர்முனையில் வைத்து, மற்றதைப் பற்றரியின் மேற்புறத்திற் தடவிப் பார்த்தால், மானி அசைவதைக் காணலாம். அப்பச்சோடா கரைத்த நீரால், கலங்களின் வாய்க்குள் ஒரு துளியும் புகாதபடி, துடைத்துக் கழுவினோம். இவ்வழிச் செல்வது சிறிதே. ஆயினும் முகத்தைக் கழுவியபின் நோய் பார்ப்பது முறை.

அடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டு அளந்தபோது பற்றரிமுனையில் 14.1 வோல்ற்று இருந்தது. 13.8க்கும் 14.4க்கும் இடைப்பட்டால் மின்னேற்றம் செவ்வையாக நடைபெறுகிறது என்பர். ஆகவே, சாரதிகள் ‘ஓல்டனேட்டர்’ என்று வழங்கும் மின்பிறப்பாக்கியைக் குற்றமற்றதென விடுவித்தோம். அவசரப்பட்டுவிட்டோம் என்பது பின்னரே தெரிந்தது.

இனி முதன்மைச் சோதனை. பல்மானியை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கழற்றிய கம்பிக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே மானியைத் தொடராக இணைக்க வேண்டும். வெளியேறும் மின் அனைத்தும் மானிக்கூடாகவே செல்ல வேண்டும் என்பதே கருத்து. மாணவர் சிலர் வோல்ற்றளவு பார்ப்பதுபோல் அம்பியர்மானியைப் பற்றரியின் இரு முனைக்கும் குறுக்கே வைத்துவிடுவர். அக்கணமே மானியின் உருகி போகும், கையும் சுடும். மானி இணைந்திருக்கையிற் சாவியைத் திருப்பி இயந்திரத்தை எழுப்பவும் கூடாது. பற்றரியில் எழும் ஐதரசன் வாயு தீப்பொறியை விரும்புவதாகையால், பீடி பிடிப்பவரைத் தூர நிறுத்துக. எதிர்முனையை முதலிற் கழற்றுவதற்கும் காரணம் உண்டு: சாவிக்குறடு தவறி வண்டியின் உடலில் முட்டினாலும் பொறி பறவாது.

உருகிப் பெட்டியை அடையச் சாரதியின் பக்கக் கதவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கதவு திறந்தால் உள்விளக்கு எரியுமே! அக்கதவின் ஆளியை நாடாவால் அழுத்திக் கட்டினோம். ஏனைய கதவுகளை இறுகச் சாத்தினோம். சாவி வெளியே, வானொலி, விளக்குகள் யாவும் அணைந்திருந்தன. மானியைப் பார்த்தோம். 0.62 அம்பியர்.

உறங்கும் வண்டி இவ்வளவு உண்ணலாகாது. வானொலியின் நினைவு, மணிக்கூடு போன்றவற்றுக்காக 0.02 முதல் 0.05 அம்பியர் வரை செல்வது இயல்பு. எம் மாணவன் கரும்பலகை இல்லாமலே கணக்கிட்டான். வெள்ளி பிற்பகல் மூன்று மணி முதல் திங்கள் காலை ஐந்து மணி வரை 62 மணிநேரம். 0.62 வீதம் 38 அம்பியர்-மணிக்கு மேல். எழுபதிற் பாதிக்கும் அதிகம். மற்ற நாள்களில் இரவுக்குப் பதினான்கு மணிநேரமே. ஒன்பதுக்கும் குறைவாகவே போகும், அதுவும் அன்றைய ஓட்டத்தில் மீளும். திங்கட்கிழமை நோயின் மருமம் ஒரு பெருக்கற் கணக்கில் வெளிப்பட்டது. அவ்வெண்ணைக் கேட்ட சாரதி சிறிது நேரம் பேசவில்லை.

பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துப் பார்ப்பதுபோல, வண்டியின் மின்சுற்றுகளை ஒவ்வொன்றாய்ப் பிரிப்பதே அடுத்த வேலை. உருகிகள் அதற்காகவே அமைந்தவை போலும். ஒருவன் உருகியை இழுத்தான், மற்றவன் மானியை வாசித்தான், யாம் எழுதினோம். முதலாவது, 0.62. மீண்டும் பொருத்தினோம். இரண்டாவது, 0.62. எட்டாவது வரை அதுவே. ஒன்பதாவதை இழுத்ததும் மானி 0.20க்கு வீழ்ந்தது. அது உள்விளக்கு, மணிக்கூடு, பின்புறச் சாமான் விளக்கு ஆகியவற்றின் உருகி. பின்கதவருகே, புத்தகப்பைகளை அடுக்குவதற்காகச் சாரதி அடித்திருந்த பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் மறைவில் ஒரு 5 உவாற்றுக் குமிழ் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. கதவு மூடும்போது ஆளியின் முளையை அழுத்தவேண்டிய சிறு றப்பர்த் துண்டு எக்காலத்திலோ தேய்ந்து விழுந்திருக்கிறது. கதவு மூடியது, முளை அழுந்தவில்லை, விளக்கு அணையவில்லை. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.42. கணக்கும் பொருந்தியது.

எல்லாருக்கும் மகிழ்ச்சி. சாரதி தேநீருக்குச் சொல்லியனுப்பினார். பௌதிகவியல் ஆசிரியர் கைகழுவச் சென்றார். யாமும் குறிப்பேட்டை மூடினோம். மானியை வைத்திருந்த மாணவன் மட்டும் அசையவில்லை. “சேர், இன்னும் 0.20 காட்டுகிறதே” என்றான்.

அவன் அதைச் சொல்லாதிருந்தால் யாம் வீட்டுக்குப் போயிருப்போம். திங்கட்கிழமைகளிலும் வண்டி எழுந்திருக்கும். யாம் பெற்ற புகழும் நிலைத்திருக்கும். பாடசாலை விடுமுறை இரண்டு வாரம் வந்தவுடன், நாளொன்றுக்கு 4.8 அம்பியர்-மணி வீதம் மீண்டும் வற்றி, பழி பற்றரிமேலேயே விழுந்திருக்கும்.

எஞ்சிய உருகிகள் அனைத்தையும் இழுத்தோம். மானி அசையவே இல்லை. உருகிப் பெட்டிக்கு உட்படாத வழிகளும் உண்டு என்பதை மெக்கானிக்குகளிலும் பலர் மறந்துவிடுகின்றனர். தொடக்கு மோட்டருக்குச் செல்லும் தடித்த கம்பி ஒன்று. மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் கம்பி ஒன்று. பின்னாளில் யாரேனும் பற்றரியிலிருந்தே நேராக இழுத்த கம்பிகள் பல. இவ்வண்டியில் மூன்றாவது வகை இல்லை. பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்பிறப்பாக்கியின் தடித்த கம்பியை விடுவித்து, அதன் நுனியைத் துணியாற் சுற்றி, மானியை மீண்டும் இணைத்தோம். 0.03.

குற்றமற்றதென விடுவிக்கப்பட்டதே இரண்டாம் கள்வன். மின்பிறப்பாக்கி உண்டாக்குவது முன்னும் பின்னும் மாறியோடும் ஆடலோட்டம். அதை ஒருதிசை ஓட்டமாக்குவன இருவாயிகள். இவை ஒருபுறமாகவே திறக்கும் கதவுகள் போன்றவை. வண்டி ஓடும்போது மின்னைப் பற்றரிக்குச் செல்லவிடும். வண்டி நின்றபின் பற்றரியின் மின் திரும்பிப் பாயாதபடி அடைத்துக்கொள்ளும். இருவாயிகளுட் சில பழுதுற்றுச் சிறிதே கசிந்தாலும், ஓடும்போது மின்னேற்றம் நன்றாகவே தோன்றலாம். இரவெல்லாம் கதவின் இடுக்கால் மின் ஒழுகிக்கொண்டிருக்கும். 14.1 என்ற எண் எம்மை ஏமாற்றியது இவ்வாறு. ஹற்றன் நகரில் மின்வேலை செய்யும் ஒருவர் இருவாயித் தட்டை மாற்றிக் கொடுத்தார். செலவு, புதுப் பற்றரியின் விலையிற் காற்பங்குக்கும் குறைவு.

புதிய வண்டி வைத்திருக்கும் அன்பர்க்குச் சில சொல்லவேண்டும். 2020 மார்ச்சு மாதம் முதல் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டில் உள்ள வண்டியையே பேணி, அதிற் கமரா, இடங்காட்டி, பெரிய ஒலிபெருக்கி என்று பலர் பூட்டிக்கொண்டனர். இவற்றின் கம்பிகளையே முதலிற் சந்தேகிக்க. கணினியுள்ள வண்டியில் மானியை இணைத்தவுடன் வாசித்தலாகாது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்குவதற்கு இருபது முதல் நாற்பது நிமிடம் செல்லும். உருகியை இழுத்துப் பொருத்தினால் அவை மீண்டும் விழித்துக்கொள்ளும். ஆதலால் உருகியை இழுக்காமல், அதன் முதுகிலுள்ள இரு புள்ளிகளில் மானியின் முனைகளை வைத்து மில்லிவோல்ற்றுப் பார்ப்பது சிறந்தது. மின் ஓடும் உருகியிற் சிறு வோல்ற்றளவு காணும், ஓடாததிற் பூச்சியம். தொலைச்சாவியை வீட்டினுள் வைத்துவிடுக. கலப்பு வண்டிகளிற் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தீண்டவே கூடாது. அவ்வண்டிகளையும் எழுப்புவது ஒரு சிறு 12 வோல்ற்றுப் பற்றரியே, அது வற்றினால் எந்த மலையின் இறக்கமும் உதவாது.

குற்றமே இல்லாத வண்டியும் வற்றும் என்பதை 2020 மார்ச்சு 20 முதல் நிலவிய ஊரடங்கிலும், 2022இன் எரிபொருட் பஞ்சத்திலும் பலர் அறிந்தனர். 0.05 அம்பியர் வீதம் நாளுக்கு 1.2 அம்பியர்-மணி, மூன்று வாரத்தில் 25. சிறு காரின் 40 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அது போதும். இங்கே தேடுவதற்குக் கள்வன் இல்லை. நெடுநாள் நிறுத்தும்போது எதிர்முனையைக் கழற்றிவைத்தலே வழி.

அந்த வான் இன்றும் ஓடுகிறது. வேறு வண்டி தேடிய பெற்றோர் இருவருள் ஒருவர் திரும்பி வந்தார். விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, மானியைப் பிடித்திருந்த மாணவன் சொல்லாமற் கொள்ளாமற் கோயில் முன்றிலுக்குப் போய், சாரதி சாவியைத் திருப்புமட்டும் காத்து நின்றானாம். சமதரையிலேயே எழுந்தது. ஆயினும் சரிவு திருத்தப்பட்டபின் சாரதி மீண்டும் இறக்கத்திலேயே, முகம் கீழ்நோக்கவே வண்டியை நிறுத்துகிறார். ஏன் என்று யாம் கேட்டோம். “பழகிப்போச்சு மாஸ்டர்” என்றார்.